பெண்டிங் பிரபுவும் வேலூர்க் கோட்டையும்

வில்லியம் பெண்டிங் பிரபு என்றால், உடன்கட்டை ஏறுதலை ஒழித்தவர், ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்தவர் என்றே பள்ளிப் பாடங்கள் நமக்குக் கற்பித்தன. அவையெல்லாம் 1828க்குப் பின் அவர் கல்கத்தாவில் தலைமை ஆளுநராக வீற்றிருந்த காலத்துச் செய்திகள். அதற்கு முன்னர் அவர் சென்னை ஆளுநராயிருந்து பதவி பறிக்கப்பெற்றவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1803 ஆகஸ்டில் அவர் சென்னைக்கு வந்தபோது வயது 29 கூட நிறையவில்லை. தளபதி சர் ஜான் கிரடாக் கொணர்ந்த படைவிதிகள் 1806 மார்ச்சில் ஆளுநர் அவையின் ஒப்புதலைப் பெற்றன. அவற்றுள் பத்தாம் விதி, சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றிக்குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும் என்றது. உடன் வந்த புதிய தலைப்பாகையோ சிப்பாய்களின் கண்ணுக்கு வெள்ளையர் தொப்பியாகவே பட்டது. மே மாதம் வேலூரில் அதனை அணிய மறுத்தவர்களுள் ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் கசையடிக்கு ஆளாயினர். மனக்கசப்பு ஆளுநரின் செவிக்கு எட்டாமல் இல்லை. ஆயினும் ஆணை நின்றது.

ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் துப்பாக்கிகள் முழங்கின. வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை பழிக்குப் பழியாக நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தது. ஆணை ஜூலை 17 அன்று மீட்டுக்கொள்ளப்பட்டது; எட்டு நாள் முன்னதாக அது நிகழ்ந்திருக்கலாகாதா?

விசாரணைக் குழு இரு காரணங்கள் கூறிற்று: ஒன்று புதிய விதிகள், மற்றொன்று, கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் வாழ்ந்திருந்தமை. மைசூர்க் கொடி அங்கே ஏற்றப்பட்டது மெய்தான். ஆனால் கசை வீசியது கொடிக்கு முந்தியது அல்லவா? எனினும் சுல்தானின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

1807இல் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். பத்தாம் விதியின் புதுமை தமக்கு உணர்த்தப்படவில்லை எனப் பெண்டிங் பின்னர் நெடிய முறையீடு எழுதினார். ஒப்புதல் அளித்தவர் படித்திருக்க வேண்டாவா என்றே நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்த அடியை அவர் மறக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 1829இல் உடன்கட்டையைத் தடை செய்யுமுன், சிப்பாய்கள் இதனை எவ்வாறு ஏற்பர் என்று படையதிகாரிகள் பலரிடம் கருத்துக் கேட்டார். 1835இல் நாடு நீங்குமுன் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுப்பதையே ஒழித்தார்.

அவர் ஆண்ட அதே கல்கத்தாவில்தான் திப்புவின் மைந்தர்களும் வாழ்ந்திருந்தனர். வேலூர்க் கோட்டையில் சிறுவராயிருந்த இளவரசர் குலாம் முஹம்மது 1842இல் தரம்தலாவில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தந்தையின் பெயரையே தாங்கி நிற்கிறது.