பிள்ளைகளின் உடல் பருமன்: பள்ளிக்கூடத்திடம் நாம் கேட்க வேண்டியவை

பிள்ளை மெலிந்திருந்தால் கவலைப்படும் நாம், கொழுகொழுவென்று இருந்தால் மகிழ்ச்சி அடைகிறோம். ஆனால் வயதுக்கு மீறிய எடை ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு படிதல் போன்றவை பள்ளிப் பருவத்திலேயே வருவதற்கு அது காரணமாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் அதிக எடை கொண்டோர் 1990-ல் 8 சதவீதம். 2022-ல் 20 சதவீதம். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 2015-16-ல் 2.1 சதவீதமாக இருந்த இந்த அளவு, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 3.4 சதவீதமாக உயர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் பள்ளி உணவுக்கென்றே தனி விதிமுறைகளை வெளியிட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. அவற்றை அங்கே விளம்பரம் செய்யவும் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் கேட்க ஆளில்லாமல், சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் பள்ளி வாசலிலேயே விற்பனையாகின்றன.

சிபிஎஸ்இ 2025 மே மாதம் தன் பள்ளிகள் அனைத்திலும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும், அதற்கு மாற்றாக எதைச் சாப்பிடலாம் என்பதை மாணவர்கள் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பதுதான் இது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு அன்றாட கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்தே கிடைக்கிறது. 5 சதவீதம்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை குறிப்பிட்டது.

நாள் ஒன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது 20 கிராம் சர்க்கரை. 300 மி.லி. கோலா பானம் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. மற்ற பாடத்திட்டப் பள்ளிகளும் இந்தப் பலகையை வைக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

உணவு மட்டும் போதாது

பல நாடுகளில் நடந்த தடுப்புத் திட்டங்களை ஒப்பிட்டு 2024-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. 5 முதல் 11 வயதினருக்கு உணவை மட்டும் திருத்தும் திட்டங்களால் பெரிய பலன் தெரியவில்லை. உடலுழைப்பும் சேர்ந்தபோதுதான், சிறிய அளவிலேனும் பலன் கிடைத்தது. பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம், பிறகு மக்தப், அதன் பிறகு டியூஷன். விளையாட நேரமே இல்லை. பிடி பீரியடையும் தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டு அடியோடு நின்றுவிடுகிறது. அவர்கள் தயக்கமின்றி விளையாடத் தனி நேரமும் மறைவான இடமும் ஒதுக்கித் தரும்படி பள்ளியிடம் கேட்பது நம் உரிமை.

பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்

- கேன்டீனில் என்னென்ன விற்கப்படுகிறது? அந்தப் பட்டியல் நமக்குக் கிடைக்குமா?
- 50 மீட்டர் விதியைக் கண்காணிப்பது யார்?
- வாரத்தில் எத்தனை பிடி பீரியட்? அவை உண்மையில் நடக்கின்றனவா?
- உயரமும் எடையும் அளக்கப்படுகின்றனவா? அதன் விவரம் மற்ற மாணவர்களுக்குத் தெரியாமல் பெற்றோரிடம் மட்டும் தரப்படுகிறதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. 'குண்டு' என்ற கேலி பிள்ளையின் எடையைக் குறைப்பதில்லை. தனிமையில் ஒளிந்து சாப்பிடவே வைக்கும். பெரியவர்களுக்கான எடை அளவுகோலும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதையும் பாலினத்தையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

இவ்வளவையும் பள்ளியிடம் கேட்கும் நாம், காலையில் டிபன் பாக்ஸில் பிஸ்கட்டையும் நூடுல்ஸையும் வைத்து அனுப்பினால் பயனில்லை. சுண்டல், அவித்த முட்டை, வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம் ஆகியவை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. பள்ளியில் கேட்கும் மாற்றத்தை நாளைய டிபன் பாக்ஸிலிருந்து நாம் தொடங்குவோம்.