மாண்டலினின் முதுகு சொன்ன வரலாறு



தோட்டத்து இசைக்குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர், பழம்பொருள் கடையில் வாங்கிய மாண்டலின் ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தார். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரின் பெயர் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்த நாம் திகைத்தோம். முதுகுப் பலகை முழுவதும் செம்பழுப்பு நிறம்; அதன்மேல் கருங்கோடுகள் அலை அலையாக ஓடின. "இது உயர்ந்த ரோஸ்வுட் மரம்" என்றார் நண்பர். "வெறும் சாயம். சுரண்டிவிட்டுப் புதிதாக வார்னிஷ் அடிக்கலாம்" என்றார் தச்சர். இருவரில் யார் சொல்வது சரி?

முதலில், ஒலித்துளை வழியே கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தோம். உட்புறம் வெளிறிய மரம். வெளியே ஓடிய கோடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆயினும் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மலிவான மரத்தின்மேல் விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டுவதும் உண்டு. ஆகவே, வாசித்தவரின் சட்டைப் பொத்தான் உராய்ந்து தேய்ந்த இடத்தைப் பார்த்தோம். ஒட்டிய தகட்டின் விளிம்பு எதுவும் தெரியவில்லை. நிறம் போன இடத்தில் கோடும் போயிருந்தது. ஐயம் நீங்கியது. அந்தக் கோடுகள் மரத்தில் வளர்ந்தவை அல்ல. மனிதர் கை வரைந்தவை.

ஏன் வரைந்தார்கள்? அதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மாண்டலின் இத்தாலியிலே, குறிப்பாக நேப்பிள்ஸ் நகரிலே, 18ஆம் நூற்றாண்டில் சிறப்புற்ற கருவி. மரப்பட்டிகளைச் சேர்த்துச் செய்த அதன் முதுகு, கிண்ணம்போல் குவிந்திருக்கும். 1880இல் 'ஸ்பானிய மாணவர்கள்' என்ற இசைக்குழு அமெரிக்காவுக்குச் சென்றது. அவர்கள் வாசித்தது பந்தூரியா என்னும் வேறொரு கருவி. மக்களோ அதனை மாண்டலின் என்றே எண்ணி மயங்கினார்கள். அங்குக் குடியேறியிருந்த இத்தாலியக் கலைஞர்கள் மாண்டலினை ஏந்தி மேடை ஏறினார்கள். விரைவிலேயே ஊர்தோறும் மாண்டலின் குழுக்கள் தோன்றின. ஓர்வில் கிப்சன் என்பவர் வயலினைப்போல் செதுக்கிய பலகைகளால் மாண்டலின் செய்து, 1898இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நல்ல கருவியின் விலை உழைப்பாளிக்கு எட்டவில்லை. சிக்காகோவிலிருந்த சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி வாணிகக் கடைகள், விலைப்பட்டியல் அச்சிட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பின. பண்ணைக் குடும்பங்களும் ஆலைத் தொழிலாளரும் அதைப் பார்த்துக் கருவி வரவழைத்தார்கள். அந்த விலைக்குப் பிரேசில் ரோஸ்வுட் கட்டுப்படியாகுமா? ஆகவே, எளிதில் கிடைத்த பிர்ச் முதலிய மரங்களில் கருவியைச் செய்து, அதன்மேல் ரோஸ்வுட்டின் ரேகைகளைத் தீட்டினார்கள்.

இது எளிய வேலையன்று. முதலில் வெளிர்நிற அடிப்பூச்சு. அது காய்ந்தபின் கரிய சாயம். சாயம் ஈரமாக இருக்கும்போதே தூரிகை, சீப்பு, கசக்கிய துணி ஆகியவற்றை ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கை தயங்கினால் கோடு கெடும். கையால் இழுப்பதனால் ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. இறுதியில் மெருகெண்ணெய். அக்காலத்தில் அதற்குப் பெரிதும் பயன்பட்டது அரக்கு. சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் அந்தப் பிசினைச் சேகரித்துக் கொடுத்தவர்களுள் இந்தியாவின் சோட்டா நாகபுரிப் பகுதியின் ஆதிவாசி மக்களும் இருந்தார்கள். பழைய இசைத்தட்டுகளும் இந்த அரக்கைக் கலந்தே செய்யப்பட்டன.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? போலியை அசல் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று, ஐயமில்லை. ஆனால், பல விலைப்பட்டியல்கள் 'ரோஸ்வுட் போன்ற பூச்சு' என்றே வெளிப்படையாகக் கூறின. ஏழை வீட்டிலும் கண்ணுக்கினிய கருவி ஒன்று இருக்கட்டுமே என்ற ஆசைக்கு, ஒரு தொழிலாளியின் கைத்திறன் விடையாயிற்று.

நேயர்களே, அந்தத் தொழிலாளியின் பெயர் சீட்டில் இல்லை. நாம் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. நம் பெற்றோர் விடியுமுன்னே பிரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, ஷீட் அடித்து அனுப்பினார்கள். அந்த ரப்பர் எந்த நாட்டில் எந்த வண்டியின் சக்கரமாயிற்று என்று அவர்கள் அறியார். அந்தச் சக்கரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. வேலை மட்டுமே சாட்சி.

ஆகவே, "சுரண்ட வேண்டாம்" என்று நண்பரிடம் சொன்னோம். சுரண்டினால் மரம் மிஞ்சும். அந்தக் கை மறைந்துவிடும். மெல்லிய துணியால் தூசு துடைத்து, புதுத்தந்தி மாட்டினார். வருகிற திருவிழாவில் அது மேடை ஏறும்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டியோ, நாற்காலியோ, கருவியோ இருக்கலாம். தூக்கி எறியுமுன் பிள்ளைகளை அழைத்து, அதன் முதுகைத் திருப்பிக் காட்டுங்கள். "இதைச் செய்தவர் யார்? எப்படிச் செய்தார்? ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வரலாறு படிக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.