யார் முறுக்கிய நட்டு?

கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிட் பக்கம் நடந்து போனால் இரண்டு விதமான கொட்டகைகளைப் பார்க்கலாம். ஒன்றில் ஒரே நிறச் சட்டை போட்ட நாலைந்து பேர் வேலை செய்வார்கள். தரையில் ரப்பர் பாய் விரித்திருக்கும். ஸ்பானர்கள் அளவு வாரியாக இழுப்பறைகளில் அடுக்கியிருக்கும். காரை ஓட்டப் போகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். அடுத்த கொட்டகையில் ஓட்டப் போகிறவரின் இரண்டு கால்கள் மட்டும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். மச்சானோ தம்பியோ டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். மறுநாள் இரண்டு காரும் ஒரே வரிசையில் நின்று ஒரே விளக்கைப் பார்த்துக் கிளம்பும்.

நான் ஒன்பது வருடம் இரண்டாவது கொட்டகையில் இருந்தவன். பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை நானே கழற்றி, நானே பூட்டி, நானே ஓட்டினேன். பிறகு மூன்று வருடம் பணம் கொடுத்து ஒரு குழுவிடம் காரை விட்டேன். எது சிக்கனம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பெரிதாக ஒன்றுமில்லை. நாமே வேலை பார்த்தால் கூலி மிச்சமாகும், கருவிக்கும் தப்பாக வாங்கிய பாகத்துக்கும் அதில் பாதி போய்விடும். இந்த இரண்டு வழிக்கும் நடுவே எனக்குத் தெரிந்த உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் ஊரில் இந்த விளையாட்டு சொந்தக் கையில்தான் தொடங்கியது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் அவர்கள் பந்தயம் நடத்தினார்கள். வெளிநாட்டுப் பாகம் எளிதில் கிடைக்காத காலம் அது. ஃபியட்டையும் ஹெரால்டையும் பந்தயக் காராக மாற்ற வேண்டுமென்றால் லேத் பட்டறைக்காரரைச் சிநேகம் பிடித்தாக வேண்டும். கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயத்தில் ஓட்டியதும் அந்தக் காரைத்தான்; 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டியவரும் அவர்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம் அடிப்படையில் மெக்கானிக். 1966-இல் தன் பெயரையே தாங்கிய காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். அப்படி வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சொந்தக் கை எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு, பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிற பிரேக் ப்ளீடிங் ஒன்றே போதும். என் தம்பி உள்ளே உட்கார்ந்திருப்பான். நான் சக்கரத்துப் பக்கம் படுத்திருப்பேன். "அழுத்து." அழுத்துவான். "பிடிச்சுக்கோ." நிப்பிளை ஒரு கால் சுற்றுத் திறப்பேன். கண்ணாடிக் குழாயில் எண்ணெய் வரும், கூடவே கடுகளவு குமிழி ஒன்றிரண்டு நகரும். மூடிவிட்டு, "விடு" என்பேன். நாலு சக்கரத்துக்கும் இது மாறி மாறி நடக்கும், முக்கால் மணி நேரம் ஆகும். டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடும். பந்தயத்தில் பிரேக் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். எண்ணெய் கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு. நேர்ப்பாதையின் முடிவில் பெடல் தரைவரை போவதை ஒருமுறை அனுபவித்தவன், குழாயில் நகரும் அந்தக் கடுகைச் சாதாரணமாகப் பார்க்க மாட்டான். காலில் பெடல் கொஞ்சம் மெத்தென்று பட்டாலே எந்தச் சக்கரம் என்று எனக்குத் தோன்றிவிடும். பத்தில் ஏழெட்டு முறை அது சரியாகவும் இருக்கும்.

காரைக் கழுவுவதும் இதே வகைதான். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் சஸ்பென்ஷன் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பேன். ஒருநாள் லோயர் ஆர்மின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கா வெடிப்பா என்று புரியவில்லை. பழைய ரயில்வே பட்டறைகளில் சக்கர அச்சைச் சோதித்த முறையொன்று உண்டு. எண்ணெயை ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடி பூசி வைப்பார்கள். நான் சாக்பீஸைப் பொடித்துத் தடவினேன். பத்து நிமிடத்தில் வெள்ளைப் பூச்சின் நடுவே ஈரக்கோடு ஒன்று மெதுவாக எழும்பி வந்தது. அதைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. அடுத்த பந்தயத்தில் அந்த ஆர்மோடுதான் நான் ஓட்டியிருப்பேன். வெல்டிங் வைக்கலாமா என்று காந்திபுரத்துப் பக்கம் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாங்க தம்பி. இது ஓய்ஞ்ச இரும்பு. இங்க அடைச்சா ஒரு விரல் தள்ளி விரியும். புதுசு போடுங்க," என்றார். கூலி வாங்காமல் அனுப்பினார்.

அந்த மனிதரும் தொழில்காரர்தான். என்ன செய்யலாம் என்பதை நானே படித்துக்கொள்ள முடியும். எதைச் செய்யவே கூடாது என்பது நூறு பாகம் உடையப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இன்ஜின் வேலையில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். ஹெட்டைத் தேய்ப்பது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க்கைச் சமன்செய்வது எல்லாவற்றுக்கும் இயந்திரம் வேண்டும், அதற்கு மேல் நிதானம் வேண்டும். வருடத்துக்கு ஒரு இன்ஜின் பிரிக்கிற என் கைக்கு அந்த நிதானம் வரவே இல்லை. ஒரே வகைக் கார்கள் மட்டும் ஓடும் பந்தயங்களில் இன்ஜினுக்கு சீல் வைத்துவிடுவதால் அங்கே இன்ஜினை யார் பிரிப்பது என்ற கேள்வியே எழாது.

இனி நான் சொல்லத் தயங்குகிற சம்பவம். ஏழாவது வருடம். ராத்திரி ஒன்றரை மணிவரை காருக்கு அடியில் கிடந்துவிட்டு, காலையில் முன்சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் நாலு நட்டையும் கையால் ஏற்றியாயிற்று, அளவான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச்சை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஓட்டுநர்கள் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். திரும்பி வந்து ரெஞ்ச்சை எடுத்து வலது பக்கத்திலிருந்து தொடர்ந்தேன். இரண்டாவது சுற்றில் ஸ்டீயரிங் நடுங்கியது. டயர் என்று நினைத்தேன். மூன்றாவதில் தடத்தை விட்டு வெளியே புல்லில் நிறுத்திவிட்டு இறங்கினேன். இரண்டு நட்டு காணோம், மூன்றாவதன் மரை பாதி தேய்ந்திருந்தது. எனக்குப் பின்னால் மூன்று கார்கள் வந்துகொண்டிருந்தன. அந்தச் சக்கரம் கழன்று ஓடியிருந்தால் அவற்றில் ஒன்றை அடித்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் கை சில்லிடுகிறது.

தெரியாமை அங்கே காரணமில்லை. எனக்கு அந்த நட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. நான் செய்ததை இன்னொருவர் பார்க்க அங்கே ஆள் இல்லை. அவ்வளவுதான். டார்ச் பிடிக்கிற தம்பி என்னை நம்புகிறவன். என்னைச் சந்தேகப்பட ஒருவர் வேண்டியிருந்தது.

பணம் கொடுத்துச் சேர்ந்த குழுவில் முதல் நாள் நான் கவனித்தது இதைத்தான். ஒருவர் முறுக்குவார். நட்டிலிருந்து சக்கரத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் வந்து மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டு, தொங்குகிற தாளில் கையெழுத்துப் போடுவார். வேலையின் நடுவே யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். என்னைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதைவிட, ஒருவரை ஒருவர் நம்பாமல் வேலை செய்யப் பழகியவர்கள் என்பதே அவர்களுக்குக் கொடுத்த காசின் மதிப்பு.

அப்படிப்பட்டவர்களுக்கும் தவறும். 2018-இல் மெல்போர்னில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நாலாவது, ஐந்தாவது இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. பிட்டுக்கு வந்து டயர் மாற்றிக்கொண்டு வெளியேறிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டும் நின்றுபோயின. இரண்டு காரிலும் ஒரு சக்கரத்தின் நட்டு சரியாக இறுகவில்லை. அது உலகத்திலேயே தேர்ந்த ஆட்கள் வேலை பார்க்கிற விளையாட்டு. நட்டுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

குழுவில் இருந்த மூன்று வருடத்தில் நான் நன்றாகத் தூங்கினேன். தூங்கி எழுந்து ஓட்டியதால் வேகமாகவும் ஓட்டினேன். அதை மறைக்க மாட்டேன். இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது வருடம் இஞ்ஜினியர் கேட்டார்: "பின்பக்கம் ஆடுதுன்னு சொல்றீங்களே அண்ணா, திருப்பத்துல நுழையறப்பவா, வெளிய வர்றப்பவா? பிரேக்க விட்டதுமா, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சதுமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முன்பென்றால் சொல்லியிருப்பேன். டயர் காற்றை நானே அளந்து, சூடாக வந்த பிறகு எவ்வளவு ஏறியது என்று நோட்டில் எழுதி, நூல் கட்டிச் சக்கரத்தின் கோணம் பார்த்த நாட்களில், ஆடுவது எங்கே என்று எனக்குத் தெரியும். தொடாத காரோடு பேச்சு குறைந்துபோயிருந்தது. அந்த இஞ்ஜினியரின் கேள்வி அருமையானது. எனக்குள் இருந்த பதில்தான் வற்றியிருந்தது.

அதனால் இப்போது மறுபடி என் கொட்டகைக்கே வந்துவிட்டேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் வருடத்துக்கு ஒருமுறை பட்டறைக்குப் போகின்றன, அதில் நான் கை வைப்பதில்லை. வெல்டிங்கும் அப்படித்தான். பிரேக், சக்கரம், கழுவுவது, டயர் காற்று, நூல் பிடிப்பது எல்லாம் நான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஸ்பானர் தொடுவதில்லை. முடியாத வேலை மிச்சமிருந்தால் அந்தப் பந்தயத்தை விட்டுவிடுகிறேன். இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன்.

பக்கத்துக் கொட்டகையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னைப் போலவே தன் காரைத் தானே பார்ப்பவர். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால் அவர் தன் ரெஞ்ச்சோடு என் காருக்கு வருவார், நான் என்னுடையதோடு அவர் காருக்குப் போவேன். பேசிக்கொள்ள மாட்டோம். நாலு சக்கரம், பதினாறு நட்டு, பதினாறு 'டக்'. என் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் அவர் வெள்ளைக் கோடு இழுத்து முடித்த பிறகுதான் நான் ஹெல்மெட்டை எடுப்பேன்.