இரண்டு வார்டு ஆயாக்களும் ஒரு சட்டமும்

மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது இரண்டு வார்டு ஆயாக்களின் வழக்கு. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் பணிபுரிந்த அந்தப் பெண்களை 1954-இல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலை இல்லாமல் போய்விடவில்லை. குடிமைப் பொருள் துறையிலிருந்து விடுவிக்கப்பட்ட அரசு ஊழியர்களை அந்த இடங்களில் அமர்த்துவதற்காகவே இவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது. அதை அரசு தரவில்லை. மருத்துவமனை நடத்துவது தொண்டு, அதைத் தொழில் என்று சொல்ல முடியாது, ஆகவே அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்று வாதிட்டது. பெட்பேன் எடுத்து, தரை துடைத்து, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் பெண்ணுக்குச் சேர வேண்டிய சொற்பத் தொகையைத் தொண்டின் பெயரால் மறுத்த வாதம் அது. 1960-இல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஆயாக்கள் வென்றார்கள்.

அந்த வெற்றி பத்தே ஆண்டுதான் நிலைத்தது. 1970-இல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் ஆறு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, லாப நோக்கமில்லாத மருத்துவமனை தொழில் ஆகாது என்று முந்தைய தீர்ப்பைத் தள்ளியது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978 பிப்ரவரி 21 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத் திருத்தியது. முதலாளியும் ஊழியரும் கூடி, முறையாக நடத்தி, மக்களின் தேவையை நிறைவு செய்யும் எந்தப் பணியும் தொழில்தான், லாபம் உண்டா இல்லையா என்பது பொருட்டல்ல என்று பெரும்பான்மைக்காக எழுதினார் நீதிபதி கிருஷ்ணய்யர். பணிநீக்கம் செய்யப்பட்ட செவிலியர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேற இந்தத் தீர்ப்பே வழிவிட்டது.

நாடாளுமன்றம் 1982-இல் மருத்துவமனைகளைச் சட்டத்திலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவந்தது. ஊழியர்களின் குறைகளைத் தீர்க்க மாற்று அமைப்பு எதுவும் உருவாகாததால் அந்த விலக்கு நடைமுறைக்கே வரவில்லை.

ஆனால் நீதிமன்றப் படியேறத் துணிபவர்கள் குறைவு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குவதும், அசல் சான்றிதழ்களை நிர்வாகம் பிடித்து வைத்துக்கொள்வதும் தனியார் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டன. சான்றிதழ் கையில் இல்லாத செவிலியர் இன்னோர் இடத்தில் வேலை கேட்கவும் முடியாது. 2011 இறுதியிலும் 2012-லும் மும்பை, கேரளம், சென்னை என்று பரவிய செவிலியர் வேலைநிறுத்தங்களின் முதல் கோரிக்கைகளில் இவற்றைக் கைவிட வேண்டும் என்பதும் இருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளம் குறித்து ஆராய 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் குழு அமைந்தது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் அது எந்த நிர்வாகத்தையும் தானாகக் கட்டுப்படுத்தவில்லை.

2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. அறக்கட்டளை மருத்துவமனையின் ஆயாவுக்கு இது ஜே.ஜே. மருத்துவமனை வழக்கில் கேட்ட அதே வாதம்தான்.