கடலூர் மாவட்டக் காவல்துறை

கடலூர் மாவட்டக் காவல்துறை என்பது தமிழ்நாடு காவல்துறையின் கீழ், கடலூர் மாவட்டத்தில் சட்டம்-ஒழுங்கைப் பேணுதல், குற்றங்களைத் தடுத்தல், அவற்றைப் புலனாய்தல் ஆகிய பணிகளை மேற்கொள்ளும் அமைப்பாகும். இதன் தலைவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.) ஆவார். மாவட்டத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இது மாவட்ட மக்களுக்கோ உள்ளாட்சி மன்றங்களுக்கோ பொறுப்புடைய தனி அமைப்பு அன்று. ஆட்சேர்ப்பு, நிதி, உயர் அலுவலர் நியமனம் ஆகியவை மாநில அரசின் உள்துறை வழியாகவும் சென்னைக் காமராசர் சாலையில் உள்ள காவல்துறைத் தலைமை அலுவலகம் வழியாகவும் நடைபெறுகின்றன. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

வரலாறு

கம்பெனி ஆட்சிக்கு முன்னர் தமிழகச் சிற்றூர்களில் தலையாரிகளும் பாளையக்காரர்களின் காவற்காரர்களும் ஊர்க்காவலைக் கவனித்து வந்தனர். 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் காவல் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடமும் அவருக்குக் கீழ் தாசில்தார்களிடமும் ஒப்படைத்தன. இதனால் வரி தண்டுபவரே குற்றவாளியைப் பிடிப்பவராகவும் ஆனார். வரி கட்டத் தவறிய உழவர்களைத் துன்புறுத்தும் வழக்கம் பற்றிய புகார்கள் பெருகவே, சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி ஆராய ஓர் ஆணையம் 1854-இல் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது.

இதனைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 1859-ஆம் ஆண்டு சென்னை மாவட்டக் காவல் சட்டம் (24-ஆம் சட்டம்) காவல் பணியை வருவாய்த்துறையிலிருந்து பிரித்து, மாகாணம் முழுமைக்கும் ஒரே தலைவரின் கீழ் கொண்டு வந்தது. அனைத்திந்தியக் காவல் சட்டம் இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1861-இல் வந்தது. பெயர் மாற்றத்துடன் 1859-ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டு மாவட்டக் காவல்துறைக்கு இன்றும் அடிப்படையாகும்.

இங்கிலாந்தில் காவல் படைகள் வட்டார அமைப்புகளாக வளர்ந்தன. இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றில் 43 வட்டாரப் படைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமைக் காவலர் உண்டு. பெரும்பாலான வட்டாரங்களில் காவல் நிர்வாகத்தை மேற்பார்வையிட மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆணையர் பதவி 2012-இல் உருவாக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலேயர் இந்தியாவுக்குத் தம் நாட்டு முறையைக் கொண்டுவரவில்லை. அரசின் நேரடிக் கட்டளையில் இயங்கிய, ஆயுதம் தாங்கிய அயர்லாந்துக் காவல் படையே இங்கு முன்மாதிரி ஆயிற்று. மேலே உள்ளவருக்குக் கீழே உள்ளவர் பதில் சொல்லும் இன்றைய அமைப்பின் தோற்றுவாய் இதுவே.

படிநிலை

மாநிலத் தலைவர் காவல்துறைத் தலைமை இயக்குநர் (டி.ஜி.பி.) ஆவார். மாநிலம் வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு காவல்துறைத் தலைவரின் (ஐ.ஜி.) பொறுப்பில் உள்ளது. கடலூர் மாவட்டம் வடக்கு மண்டலத்தில், காவல்துறைத் துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.) பொறுப்பிலுள்ள விழுப்புரம் சரகத்தைச் சேர்ந்தது. சென்னை, மதுரை போன்ற மாநகரங்கள் இவ்வமைப்பில் சேராமல் காவல் ஆணையரின் கீழ் இயங்குகின்றன.

மாவட்டத்திற்குள் கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி ஆகிய உட்கோட்டங்கள் உள்ளன. உட்கோட்டத்தின் பொறுப்பாளர் துணைக் காவல் கண்காணிப்பாளர் (டி.எஸ்.பி.). அவருக்குக் கீழே ஆய்வாளர், உதவி ஆய்வாளர், சிறப்பு உதவி ஆய்வாளர், தலைமைக் காவலர், முதல்நிலைக் காவலர், இரண்டாம்நிலைக் காவலர் என்று படிநிலை இறங்கும். இவர்கள் ஒரே வாயிலில் நுழைந்தவர்கள் அல்லர். இரண்டாம்நிலைக் காவலரையும் நேரடி உதவி ஆய்வாளரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தெரிவு செய்கிறது. நேரடித் துணைக் கண்காணிப்பாளர் மாநிலத் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வு வழியாகவும் இந்தியக் காவல் பணி அலுவலர் நடுவண் தேர்வாணையம் வழியாகவும் வருகின்றனர். இரண்டாம்நிலைக் காவலராகச் சேர்பவர் பெரும்பாலும் சிறப்பு உதவி ஆய்வாளர் நிலையிலேயே ஓய்வு பெறுகிறார்.

கண்காணிப்பாளரின் நேரடிப் பொறுப்பில் ஆயுதப்படை, மாவட்டக் குற்றப்பிரிவு, உளவுத் தகவல் திரட்டும் தனிப்பிரிவு, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, இணையவழிக் குற்றப்பிரிவு முதலியவை இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 1992-இல் தொடங்கப்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இம்மாவட்டத்திலும் உள்ளன.

1859-இல் பிரிக்கப்பட்ட ஆட்சியரும் கண்காணிப்பாளரும் இன்றும் சில இடங்களில் இணைந்தே செயற்பட வேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, குண்டர் தடுப்புச் சட்டம் எனப் பொதுவாக அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவரைக் காவலில் வைக்க மாவட்டத்தில் கண்காணிப்பாளர் பரிந்துரைக்க, ஆட்சியர் ஆணையிடுகிறார். மாநகரத்தில் காவல் ஆணையரே அந்த ஆணையைப் பிறப்பிக்கலாம்.

காவல் நிலையமும் எல்லையும்

பொதுமக்கள் நேரில் காணும் காவல்துறை என்பது காவல் நிலையமே. அங்கு வாயிலில் பாரா நிற்கும் காவலர், பதிவேடுகளைப் பேணும் எழுத்தர், நீதிமன்றப் பணி பார்ப்பவர், ரோந்து செல்பவர் என்று வேலை பகிரப்படுகிறது. அளிக்கப்படும் மனுவுக்கு முதலில் ஏற்புச் சீட்டு (சி.எஸ்.ஆர்.) தரப்படுவது வழக்கம். இது முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.) ஆகாது என்பதைப் பலர் அறியார். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நிகழ்ந்ததைத் தகவல் வெளிப்படுத்தினால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தது.

எல்லைச் சிக்கலுக்கு மாவட்டத்தின் மேற்கிலுள்ள பெண்ணாடம் நல்ல எடுத்துக்காட்டாகும். ஊருக்குள் நிகழும் குற்றம் பெண்ணாடம் காவல் நிலையத்தைச் சேரும். தொடருந்துப் பாதையில் நிகழ்ந்தால் அது விருத்தாசலத்தில் உள்ள இருப்புப்பாதைக் காவல்துறையின் பொறுப்பு. தெற்கே வெள்ளாற்றைக் கடந்தால் அரியலூர் மாவட்டம். அது திருச்சிராப்பள்ளி சரகம், மத்திய மண்டலம். ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள காவல் நிலையங்களுக்குப் பொதுவான மேலதிகாரி சென்னையில்தான் இருக்கிறார்.

இவ்வெல்லைகள் வெறும் நிர்வாகக் கோடுகள் அல்ல. 1993 மார்ச்சில் விருத்தாசலம் அருகே கம்மாபுரம் காவல் நிலையத்திற்கு விசாரணைக்காகக் கொண்டு செல்லப்பட்ட இராசாக்கண்ணு என்பவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர்கள் கூறினர். அவரது உடலோ மாவட்ட எல்லைக்கு அப்பால், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மீன்சுருட்டிக் காவல் எல்லையில் கிடந்தது. அவருடைய மனைவி வழக்கறிஞர் கே. சந்துரு மூலம் தொடுத்த ஆட்கொணர்வு மனுவால் உண்மை வெளிப்பட்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2021-இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது.

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்சா சன்கிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். இவ்வாறு பதியப்படுவது பூச்சிய முதல் தகவல் அறிக்கை எனப்படும். பின்னர் அது உரிய நிலையத்திற்கு மாற்றப்படும்.

மேற்பார்வையும் முறையீடும்

நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால் அதே பிரிவின் கீழ் தகவலை எழுத்து வடிவில் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதிலும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். காவலில் நிகழும் இறப்பை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும்.

2020 சூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைதுசெய்யப்பட்டுத் தாக்குதலுக்குள்ளாகி இறந்தனர். அப்போது நடுவரின் விசாரணைக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்காததால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது. சித்திரவதையின் காரணமாக வருவாய்த்துறையிடமிருந்து பறிக்கப்பட்ட பொறுப்பு, 161 ஆண்டுகளுக்குப் பின் அதே காரணத்திற்காகச் சில நாட்கள் அத்துறையிடம் திரும்பியது.

பிரகாஷ் சிங் வழக்கில் (2006) ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் காவல் புகார் ஆணையங்களை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. தமிழ்நாடு இதற்கென 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. ஆனால் அச்சட்டத்தில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். யாருடைய படையினர் மீது புகார் எழுகிறதோ அந்தக் காவல் கண்காணிப்பாளரும் மாவட்ட ஆணையத்தில் ஓர் உறுப்பினர் ஆவார்.