கருமுட்டையின் கதை

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரிக்குச் செல்லும் தமிழர்கள் அங்குள்ள பழைய அரண்மனையைக் காணாமல் திரும்புவது அரிது. 1555-ம் ஆண்டையொட்டிப் போர்த்துகேசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக விரிகிறது. தசரதன் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியிலிருந்து கதை தொடங்குகிறது. வேள்வியில் கிடைத்த பாயசத்தை அரசியர் மூவரும் அருந்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். மகவில்லாத வீட்டின் ஏக்கமும், உட்கொள்ளும் ஒரு பொருள் அதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் அத்தனை பழமையானவை. இன்று அந்த நம்பிக்கை ஹார்மோன் மாத்திரையை நாடுகிறது. அம் மாத்திரையால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

1670-களில் கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்தவர் வான் ரீடே. இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணையோடு மலையாள நாட்டு மூலிகைகளை அவர் தொகுப்பித்தார். அப் பெருநூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. அதே காலத்தில், 1672-ல், டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ரெய்னியர் டி கிராஃப் என்ற இளம் வைத்தியர், பெண்ணின் சினைப்பையிலுள்ள சிறு கொப்புளங்களை விவரித்து நூல் எழுதினார். அவர் கண்டது முட்டையைத் தாங்கும் உறையைத்தான். உள்ளிருக்கும் முட்டையை வான் பேயர் என்ற அறிஞர் 1827-ல் நாயின் உடலில் கண்டார்.

பிறந்த பின்னர் சினைப்பையில் புதிய முட்டைகள் தோன்றுவதில்லை என்பதை 1951-ல் சக்கர்மன் சான்றுகளைத் திரட்டி நிறுவினார். பெண் குழந்தை பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுவன சுமார் நானூறு. சிலருக்கு இவ்விருப்பு இளமையிலேயே குறைந்துவிடுகிறது. அதற்கு அப்பெண் செய்த பிழை எதுவும் காரணமன்று.

இருக்கும் முட்டைகளை முதிரச் செய்ய ஹார்மோன் உதவும் என்ற உண்மை அடுத்து வெளிப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்த ஹார்மோனைக் கொண்டு 1960-களின் தொடக்கத்தில் புரூனோ லூனன்ஃபெல்ட் இஸ்ரேலில் வெற்றி கண்டார். அத்தகைய மருந்தைப் பயன்படுத்தியே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி சோதனைக் குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறக்க வழி செய்தார். 1978 அக்டோபர் 3-ம் நாள் அக்குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து அவர் சாதனையை 1997-ல் உலகறியச் செய்தவர் டாக்டர் டி. சி. ஆனந்தகுமார்.

அட்ரினல் சுரப்பியில் ஊறும் டி.எச்.இ.ஏ. என்னும் ஹார்மோனை 1934-ல் பூட்டநான்ட் பிரித்தெடுத்தார். வயது ஏற ஏற உடலில் இதன் அளவு குறையும். முட்டை இருப்புக் குறைந்த பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முதல் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றோர் ஐவரே. நாற்பதைக் கடந்த ஒரு மாது அதைப் படித்துவிட்டு, தாமாகவே மாத்திரையை உட்கொண்டார். அவருக்குக் கிடைத்த முட்டைகள் பெருகியதை நியூயார்க் மருத்துவர்கள் 2005-ல் எழுதினர். இச்செய்தி உலகெங்கும் பரவியது, மாத்திரையும் பரவியது.

ஆனால் ஒருவர் பெற்ற பயன் எல்லோருக்கும் விதியாகிவிடாது. பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்டு 2024-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட முடிவு, குழந்தை பிறக்கும் வாய்ப்பில் டி.எச்.இ.ஏ. பெரிதாக மாற்றம் எதையும் விளைவிப்பதாகத் தெரியவில்லை என்பதே. டெஸ்டோஸ்டிரோன் ஓரளவு பயன் தரக்கூடும் என்று அது கூறிற்று. முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது வயது. வயதினால் குரோமோசோம்களில் நேரும் பிழையை எந்த ஹார்மோனும் திருத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முகப்பரு, உரோம வளர்ச்சி போன்ற தொல்லைகளோ நேர்வதுண்டு.

ஊரையும் உறவையும் விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இச்செய்தியை எல்லோரும் அறிந்திருத்தல் நலம். ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை முட்டைகளின் எண்ணிக்கையைச் சுட்டுமேயன்றித் தரத்தைச் சுட்டாது. மலட்டுத்தன்மை இல்லாத பெண்களில் அவ்வளவு குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தனர் என 2017-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆதலின் அந்த ஓர் எண்ணைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. கணவரையும் பரிசோதிக்க வேண்டும். 2021-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவமனையையே நாட வேண்டும். விளம்பரம் கண்டு ஹார்மோனை வாங்கி விழுங்கலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, குறை கூறும் நாவை வீட்டார் அடக்கிக்கொள்வார்களானால், அதைவிடப் பெரிய ஆறுதல் அந்தப் பெண்ணுக்கு வேறில்லை.