கைகளும் பேசும்: லைப்சிக்கின் சாமுவேல் ஹைனிக்க



ஏப்ரல் 14 என்றால் எங்கட வீடுகளில் மருத்துநீர், கைவிசேடம், பலகாரம் என்று ஒரே பரபரப்புத்தான். லைப்சிக் நகரில் வாழும் எமக்கு அந்தத் திகதியில் நினைத்துப் பார்க்க இன்னொரு விடயமும் உண்டு. 1778 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இல்தான், ஜேர்மனியின் முதலாவது செவிப்புலனற்றோர் பாடசாலை இந்த நகரில் திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர் சாமுவேல் ஹைனிக்க. அவருக்கு இங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. கார்ல் சீகிஸ்முண்ட் வீதியில் உள்ள செவிப்புலனற்றோர் பாடசாலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஹைனிக்க 1727 இல் சக்சோனியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். படைவீரராக இருந்தபோது, 1756 இல் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படையிடம் பிடிபட்டார். எப்படியோ தப்பி ஓடி, கடைசியில் ஹம்பேர்க் போய்ச் சேர்ந்தார். போருக்குத் தப்பி ஊர் விட்டு ஊர் ஓடுவது என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே எப்பன்டோர்வ் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தபோது காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். அந்தச் செய்தி பரவ, சக்சோனியின் ஆட்சியாளர் அவரைத் திருப்பி அழைத்தார். ஒன்பது மாணவர்களோடு அவர் லைப்சிக் வந்தார்.

காது கேளாதவருக்கு அறிவே இல்லை என்று பலர் நம்பிய காலம் அது. ஹைனிக்க அவர்களை வாயால் பேசவே பழக்கினார். உயிரெழுத்துகளை மனதில் பதிப்பதற்கு வினாகிரி, சீனித்தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுவையை நாக்கில் வைத்தாராம்! 1790 இல் அவர் காலமான பின், மனைவி அன்னா கத்தரீனா பல பத்தாண்டுகள் பாடசாலையைக் கொண்டு நடத்தினார். பெண்கள் இப்படியான பொறுப்புக்கு வராத காலத்தில் அது சின்ன விடயமில்லை.

ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். அதே காலத்தில் பாரிஸில் டி லெப்பே என்ற பாதிரியார் சைகையால் படிப்பித்தார். எது சரி என்று இருவரும் கடிதத்தில் வாதாடினார்கள். ஹைனிக்க சைகையை முற்றாக விலக்கியவர் அல்ல. அவருக்குப் பின் வந்தவர்கள்தான் கடும்போக்கானார்கள். 1880 இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் வகுப்பில் கையசைத்துக் கதைக்கவும் தடை வந்தது. ஜேர்மன் சைகை மொழியைச் சட்டம் ஒரு மொழியாக ஏற்றது 2002 இல்தான். மிலான் தீர்மானத்தை அதன் வழிவந்த மாநாடே 2010 இல் வன்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

மொழியைப் பறிகொடுக்கும் வலி எங்களுக்குத் தெரியும். ஜேர்மன் வகுப்பில் ஆசிரியரின் வாயையே பார்த்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நான் இருந்த நாட்கள் எத்தனை! எனக்கு வீட்டுக்கு வந்தால் தமிழ் இருந்தது. காது கேளாத பிள்ளைக்கு வீட்டிலும் மொழி இல்லையென்றால் அது எங்கே போகும்?

எங்கட நாட்டிலும் 1912 இல் செவிப்புலனற்றோருக்குப் பாடசாலை தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டு. அப்படியிருந்தும் 'ஊமை' என்று சொல்லி, விருந்தாளி வந்தால் பிள்ளையை அறைக்குள் விடும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. கடல் கடந்தும் அதைக் கொண்டு வந்திருக்கிறோம்.

இந்தப் புதுவருடத்தில் அதை விடுவோம். இப்படியான பிள்ளை உள்ள பெற்றோர் காலம் கடத்தாமல் வைத்தியரிடமும் பாடசாலையிடமும் கேளுங்கள். சைகை மொழியைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும், அண்ணன் தங்கைகளும் பழகுங்கள். கைவிசேடம் கொடுக்கும் அதே கையால் "நல்லாயிரு" என்றும் சொல்லலாம். பிள்ளைக்கு அது விளங்கும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.